108 படிகள்: புளியந்தோப்பிலிருந்து ஒரு மாடிப்படிக் குறிப்பு

எங்கள் வீடு ஆறாவது மாடியில். தரைத்தளத்திலிருந்து வாசல் வரை சரியாக 108 படிகள். முதல் தடவை எண்ணி முடித்தபோது எனக்கே சிரிப்பு வந்தது, ஏதோ கோயிலுக்கு வேண்டிக்கொண்ட கணக்கு மாதிரி. ஒரு மாடிக்கு 18 படி, நடுவில் ஒரு திருப்பம், ஒன்பது ஒன்பதாக. ஸ்கேல் வைத்து அளந்ததில் ஒரு படியின் உயரம் 17 செ.மீ., கால் வைக்கும் அகலம் 27 செ.மீ.

நாள் முழுக்க உட்கார்ந்து செய்கிற வேலை என்னுடையது. ஜிம்முக்குப் பணம் கட்டி இரண்டு மாதம் போகாமல் இருந்த அனுபவமும் உண்டு. அதனால் ஒரு நாள், லிஃப்ட் வேண்டாம், படியிலேயே போவோம் என்று ஆரம்பித்தேன். முதல் வாரம் நாலாவது மாடியிலேயே மூச்சு வாங்கியது. ஒரு மாதத்தில் பழகிவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததுதான் நான் எதிர்பார்க்காதது: பிடித்துப்போய்விட்டது. காலையில் ஒரு தடவை ஏறாவிட்டால் பல் துலக்காத மாதிரி இருக்கும்.

பார்ப்பவர்களிடமெல்லாம் "படி ஏறுங்க, படி ஏறுங்க" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. புளியந்தோப்பில் மழை என்றால் என்ன ஆகும் என்று வடசென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தெருவில் தண்ணீர், கரண்ட் இல்லை, லிஃப்ட் இல்லை, மோட்டார் ஓடாததால் மேல் தொட்டியிலும் தண்ணீர் இல்லை. கீழே இருந்து குடம் குடமாகத் தூக்கினோம். ஐந்தாவது மாடி ஆயா இடுப்பில் குடத்தோடு மூன்றாவது மாடித் திருப்பத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் குடத்தை வாங்கிக்கொண்டேன். "நல்லா ஏறுவியே நீ" என்றார். ஏதோ பதில் சொன்னேன். அதற்கு ஆயா சொன்னது: "உனுக்கு இன்னாப்பா, நீ ஆசைக்கு ஏர்ற. நாங்க தண்ணிக்கு ஏர்றோம்."

அந்த வாக்கியம் என்னை விடவில்லை. படி ஒன்றுதான், உயரமும் ஒன்றுதான். எனக்கு உடற்பயிற்சி, அவருக்கு வேதனை. இது வெறும் மனநிலை வித்தியாசமா, இல்லை உடம்புக்குள்ளேயே வேறு ஏதாவது நடக்கிறதா? அதைத் தேடிப் படித்ததன் குறிப்புகள்தான் இது.

முதலில் கணக்கு

என் எடை 70 கிலோ. 108 படி என்றால் சுமார் 18.4 மீட்டர் உயரம். புவியீர்ப்புக்கு எதிராக அவ்வளவு தூரம் உடம்பைத் தூக்க ஆகும் வேலை சுமார் 12,600 ஜூல், அதாவது 3 கிலோ கலோரி. ஆனால் தசை ஒன்றும் அவ்வளவு சிக்கனமான எஞ்சின் இல்லை. செலவழிக்கிற சக்தியில் நாலில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்குதான் வேலையாகிறது. மீதி சூடாகப் போய்விடும். ஆக உண்மையான செலவு 12 முதல் 15 கிலோ கலோரி.

இதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். டீக்கடை டீயில் போடுகிற இரண்டு ஸ்பூன் சர்க்கரையே 32 முதல் 40 கிலோ கலோரி. அந்தச் சர்க்கரையைக் கரைக்க மட்டும் மூன்று தடவை ஆறு மாடி ஏற வேண்டும். "படி ஏறினால் தொப்பை குறையும்" என்று யாராவது சொன்னால், இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். எடை குறைப்பது முக்கியமாகச் சாப்பாட்டுத் தட்டில் நடக்கிற விஷயம்.

அப்படியானால் படியில் என்ன லாபம்? மொத்த அளவில் இல்லை, வேகத்தில் இருக்கிறது. 108 படியை இரண்டு நிமிடத்தில் ஏறினால் என் கால்கள் தருகிற திறன் 105 வாட். நம் வீட்டுப் பழைய சீலிங் ஃபேன் சுமார் 75 வாட். ஃபேன் ஓடுவதைவிட அதிகமான வேலையை இரண்டு நிமிடம் தொடர்ந்து செய்கிறேன். உடற்பயிற்சி ஆய்வாளர்கள் இதை 'மெட்' என்ற அளவால் சொல்வார்கள். சும்மா உட்கார்ந்திருப்பது 1 மெட். சாதாரண நடை சுமார் 3.5. மெதுவாகப் படி ஏறுவது 4, வேகமாக ஏறுவது 8.8, ஓடி ஏறினால் 15. பீச்சில் ஒரு மணி நேரம் நடந்தாலும் தொடாத உயரத்தை, இதயமும் நுரையீரலும் படியில் ஒரே நிமிடத்தில் தொட்டுவிடுகின்றன.

அந்த ஒரு நிமிடம் போதுமா என்று கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் சோதித்தார்கள். 2019இல் வெளியான ஆய்வு. உடற்பயிற்சி பழக்கமில்லாத இளைஞர்கள் 60 படிகளை வேகமாக ஏற வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று தடவை, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு மணியிலிருந்து நாலு மணி நேரம் இடைவெளி. வாரத்துக்கு மூன்று நாள், ஆறு வாரம். முடிவில் அவர்களின் ஆக்ஸிஜன் உறிஞ்சும் திறன் கூடியிருந்தது. பெரிய அளவில் இல்லை, கொஞ்சம்தான். ஆனால் உடை மாற்றாமல், வேர்த்து ஊற்றாமல், வேலைக்கு நடுவில் கிடைத்த கொஞ்சம். அந்த 60 படி எங்கள் கட்டடத்தில் மூன்று மாடியும் அதற்கு மேல் ஆறு படியும்.

கண்டக்டரும் டிரைவரும்

படிக்கும் இதயத்துக்கும் உள்ள உறவை முதன்முதலில் பெரிய அளவில் கவனித்தவர் லண்டனின் ஜெர்ரி மோரிஸ். அவர் பார்த்தது லண்டன் மாடி பஸ்களை. சென்னையிலும் ஒரு காலத்தில் மாடி பஸ் ஓடியது. பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மேலும் கீழும் ஏறி இறங்குவார், ஒரு நாளைக்குச் சுமார் 600 படி. ஒரே நிறுவனம், ஒரே மாதிரிக் குடும்பச் சூழல், ஆனால் டிரைவர்களுக்கு மாரடைப்பு அதிகம், கண்டக்டர்களுக்குக் குறைவு. 1953இல் லான்செட் இதழில் வந்த இந்தக் கட்டுரையிலிருந்துதான் உடலுழைப்பும் இதயநோயும் பற்றிய நவீன ஆய்வே கிளம்பியது என்று சொல்வார்கள்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி, மோரிஸ் தன் முடிவையே சந்தேகப்பட்டதுதான். குண்டாக இருப்பவர்கள் முதலிலேயே டிரைவர் வேலைக்குப் போயிருந்தால்? பஸ் நிறுவனம் ஊழியர்களுக்குக் கொடுத்த சீருடைகளின் அளவுக் கணக்கை எடுத்துப் பார்த்தார். டிரைவர்களின் பேன்ட் இடுப்பளவு வேலைக்குச் சேர்ந்த வயதிலேயே பெரிதாக இருந்தது. அதையும் 1956இல் மறைக்காமல் எழுதினார். ஆகவே வித்தியாசம் முழுவதையும் படி கொடுத்தது என்று சொல்ல முடியாது. ஆனால் அதற்குப் பிறகு பல நாடுகளில் பல தொழில்களில் நடந்த ஆய்வுகளும் அதே திசையைத்தான் காட்டின.

துறைமுகத்துக்கு வந்தால்

வடசென்னைக்காரனாக எனக்கு அதிகம் பட்டது சான்பிரான்சிஸ்கோ துறைமுக ஆய்வு. ரால்ஃப் பாஃபன்பார்கர் என்ற மருத்துவர் 6,351 துறைமுகத் தொழிலாளிகளை 22 வருடம் பின்தொடர்ந்து, 1975இல் முடிவை வெளியிட்டார். கனமான சுமை தூக்குகிறவர்களில் இதயநோய் மரணம், லேசான வேலை செய்கிறவர்களோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட பாதி.

இதைப் படித்தபோது மனசுக்குள் ஒரு இடறல். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் மூட்டை தூக்கிய தலைமுறையை நாம் பார்த்திருக்கிறோம். 1983இல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் வந்து, கிரேன்கள் வேலையை எடுத்துக்கொள்வதற்கு முன்னால் தோளிலும் முதுகிலும் சரக்கு ஏற்றியவர்கள். ஐம்பது வயதில் முட்டி, முதுகு, தோள் எல்லாம் போய்த் திண்ணையில் உட்கார்ந்திருந்த தாத்தாக்களை எந்தத் தெருவிலும் காணலாம். சுமை உடம்புக்கு நல்லது என்றால் இவர்கள் ஏன் இப்படி?

இந்த முரண் ஆய்வுலகத்திலும் இருக்கிறது. டென்மார்க்கின் ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மன் குழு கோபன்ஹேகன் நகரத்தில் 1,04,046 பேரின் தகவலை வைத்து 2021இல் ஒரு முடிவை வெளியிட்டது. ஓய்வு நேரத்தில் உடம்பை அசைப்பவர்களுக்கு இதயநோயும் மரணமும் குறைவு. வேலையில் கடுமையாக உழைப்பவர்களுக்கு இரண்டும் அதிகம். அசைவு ஒன்றுதான், பலன் எதிரெதிர்.

ஏன் என்பதற்கு அவர்கள் சொல்லும் காரணங்களை ஆயாவின் குடத்தோடு வைத்துப் பார்த்தேன்.

ஒன்று, நேரம். என் பயிற்சி இரண்டு நிமிடம், பிறகு ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிறேன். உழைப்பாளிக்கு எட்டு மணி நேரம் நாடித்துடிப்பு ஏறியே நிற்கும். இதயம் வலுப்பெற உழைப்பு மட்டும் போதாது, உழைப்புக்குப் பிறகு இறங்கி ஆறுகிற நேரமும் வேண்டும்.

இரண்டு, சுமை. சுமையை இறுக்கிப் பிடித்துத் தூக்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். 15 லிட்டர் குடம் என்றால் 15 கிலோ. 50 கிலோ பெண்ணுக்கு அது 30 சதவீதம் கூடுதல் வேலை. அதுவும் ஒரு பக்க இடுப்பில். பாரம் ஒரே பக்கம் சாயும், கைப்பிடிச் சுவரைப் பிடிக்கக் கை இருக்காது.

மூன்று, வேகம் யார் கையில் என்பது. எனக்கு மூச்சு வாங்கினால் நிற்பேன், ஜுரம் அடித்தால் லிஃப்டில் போவேன். ஆயாவுக்குத் தண்ணீர் லாரி கிளம்புவதற்குள் ஏறி இறங்க வேண்டும். உடம்பு சரியில்லை என்று லாரி காத்திருக்காது.

ஆக ஆயா சொன்னது வெறும் சலிப்பு இல்லை. ஆசைக்கு ஏறுவதும் தண்ணிக்கு ஏறுவதும் உடம்புக்கே இரண்டு வேறு விஷயங்கள்.

கட்டடத்தின் பக்கமும் ஒரு விஷயம் உண்டு. 1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் (2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது) ஆரம்ப காலத்தில் கட்டிய வீடுகள் பெரும்பாலும் தரைத்தளத்துக்கு மேல் மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. மனுஷன் தினமும் ஏறக்கூடிய உயரம் அதுதான் என்ற கணக்கு. லிஃப்ட் வந்ததும் கட்டடம் எட்டு, ஒன்பது மாடி ஆனது. லிஃப்டை நம்பி எழுப்பிய உயரத்தில் லிஃப்ட் நின்றால், முட்டி வலிக்காரருக்கு அந்த வீடு ஒரு சிறை. படி ஏறுவது ஆரோக்கியம் என்று நான் எழுதுவதை, லிஃப்டைச் சரிசெய்யாமல் இருப்பதற்கு யாரும் சாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒரே ஒரு படி போதும்

மாடி இல்லாத வீட்டுக்காரர்கள் என்ன செய்வது என்று கேட்கலாம். ஒரு வாசற்படி இருந்தால் போதும்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1943இல், ஹார்வர்டு சோர்வு ஆய்வகத்தில் லூசியன் ப்ரூஹா ஒரு சோதனையை வெளியிட்டார். 20 அங்குல உயரப் பெட்டி, நிமிடத்துக்கு 30 தடவை ஏறி இறங்க வேண்டும், ஐந்து நிமிடம். பிறகு உட்காரவைத்து நாடித்துடிப்பை எண்ணுவார்கள். உழைக்கும்போது துடிப்பு எவ்வளவு ஏறியது என்பதல்ல கேள்வி. ஓய்வில் எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்பதுதான். நல்ல இதயம் சீக்கிரம் அமைதியாகும். (20 அங்குலம் நம் நாற்காலி உயரம் கிட்டத்தட்ட. வீட்டில் அதை முயல வேண்டாம்.)

அதே ஏறி இறங்குதல் 1980களின் கடைசியில் ஆட்டமாக மாறியது. அமெரிக்காவின் அட்லாண்டாவில் ஏரோபிக்ஸ் சொல்லிக்கொடுத்த ஜின் மில்லருக்கு முட்டியில் அடிபட்டது. தசையை வலுவாக்க ஒரு பால் கிரேட் மேல் ஏறி இறங்கச் சொன்னார் மருத்துவர். சும்மா ஏறி இறங்க அலுப்பாக இருக்கவே, பாட்டுப் போட்டு, திரும்பி, முட்டியைத் தூக்கி என்று அதை நடனமாக்கினார். ரீபோக் நிறுவனம் அதை எடுத்துக்கொண்டு பலகை செய்து உலகமெல்லாம் விற்றது. அதுதான் ஸ்டெப் ஏரோபிக்ஸ். முட்டி வலிக்கான மருந்தாகத் தொடங்கி உலகத்தையே ஆடவைத்த கதை.

அடிப்படை நாலு எண்ணிக்கை: வலது மேலே, இடது மேலே, வலது கீழே, இடது கீழே. ஒரு நிமிடம் கழித்து இடதில் ஆரம்பிக்க வேண்டும். முதலில் ஏறுகிற கால்தான் அதிகம் உழைக்கிறது. பாதம் முழுவதும் படியில் இருக்கட்டும், குதிகால் வெளியே தொங்கக் கூடாது. முட்டி உள்பக்கம் சாயாமல் கால்விரல்கள் பார்க்கும் திசையிலேயே போகட்டும். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு 10 செ.மீ. உயரமே போதும்.

பாட்டுக்கு நிமிடத்துக்கு 118 முதல் 128 தாளம் என்பது ரீபோக் காலத்து அளவு. பாட்டைப் போட்டு 15 விநாடிக்குள் எத்தனை தடவை தாளம் விழுகிறது என்று எண்ணுங்கள். 30, 32 வந்தால் சரி. நம்ம ஊர் குத்துப் பாட்டுகள் பல இதைவிட வேகம். அதற்கு ஏறினால் கால் இடறும். குத்துப் பாட்டைத் தரையில் ஆடிக்கொள்ளலாம்.

120 தாளம் என்றால் நிமிடத்துக்கு 30 முறை ஏறி இறங்குவது. ஹார்வர்டின் வேகமும் அதேதான், படி மட்டும் சின்னது. திருத்தணி முருகன் கோயிலுக்கு 365 படி, வருடத்தின் நாளுக்கு ஒன்று. ஒவ்வொரு டிசம்பர் 31க்கும் அங்கே ஒவ்வொரு படிக்கும் பூஜை நடக்கும். இந்த வேகத்தில் வீட்டு வாசற்படியிலேயே 12 நிமிடம் 10 விநாடியில் திருத்தணி முடிந்துவிடும். என் அம்மாவுக்கு இந்தக் கணக்கைச் சொன்ன பிறகுதான் ஆர்வம் வந்தது. அவர் மெதுவாக, இரண்டு நாளைக்கு ஒரு திருத்தணி என்று செய்கிறார்.

இறங்குவது வேறு கலை

ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது முட்டி வலிக்கும். காரணம் உண்டு. இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது. இதயத்துக்கு இதில் செலவு குறைவு, ஆனால் தசைக்கும் முட்டிச் சில்லுக்கும் வேலை அதிகம். பழக்கமில்லாதவர் பத்து மாடி இறங்கினால் மறுநாள் தொடை வலிப்பது இதனால்தான்.

ஆனால் அதே பிரேக்தான் மருந்தும். தைவானில் வயதான, உடல் பருமனான 30 பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்து 12 வாரம் சோதித்தார்கள். ஒரு குழு படி ஏறி லிஃப்டில் இறங்கியது, மற்றது லிஃப்டில் ஏறிப் படியில் இறங்கியது. 2017இல் வந்த முடிவு: இறங்கிய குழுவுக்குத்தான் ரத்த அழுத்தம், எலும்பு அடர்த்தி போன்றவற்றில் முன்னேற்றம் அதிகம். மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும்.

முட்டி வலி இருப்பவர்களுக்குப் பிசியோதெரபிஸ்டுகள் சொல்கிற விதி ஒன்று: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். ஏறுகையில் மேல்படியில் இருக்கும் கால்தான் உடம்பைத் தூக்குகிறது. இறங்குகையில் மேல்படியிலேயே நிற்கும் கால்தான் உடம்பைத் தாங்கி இறக்குகிறது. இரண்டிலும் பாரம் நல்ல காலுக்குப் போகிறது.

ஆரம்பிக்க நினைத்தால்

முதல் இரண்டு வாரம் உங்கள் மாடி எதுவோ அதற்கு ஒரு தடவை மட்டும், பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகத்தில். மூன்றாவது வாரத்திலிருந்து ஒரு நாளைக்கு மூன்று தடவை, நடுவில் சில மணி நேரம் விட்டு. பிறகு அதில் ஒன்றை மட்டும் வேகமாக. மேலே போய் உட்கார்ந்து, ஒரு நிமிடம் கழித்து 15 விநாடிக்கு நாடி பார்த்து எழுதிவையுங்கள். எனக்கு ஆரம்பத்தில் 32 இருந்தது, இப்போது 26. தராசு அசையாத மாதங்களில் இந்த எண்தான் எனக்குத் தெம்பு கொடுத்தது.

ஸ்பெயினின் ஆ கொருன்யா மருத்துவமனையில் 165 பேரிடம் செய்து 2020இல் சொன்ன ஒரு எளிய அளவுகோலும் இருக்கிறது: 60 படியை நிற்காமல் ஒரு நிமிடத்துக்குள் ஏற முடிந்தால் இதயத்திறன் நல்ல நிலை. ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆனால் ஒருமுறை டாக்டரைப் பார்ப்பது நல்லது. நெஞ்சு வலி, தலைசுற்றல், தாடைக்கோ இடது கைக்கோ பரவுகிற வலி வந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பிரஷர் கட்டுக்குள் இல்லாதவர்கள், இதய சிகிச்சை ஆனவர்கள் கேட்டுவிட்டே தொடங்கவும்.

கடைசியாக, படியைப் பாருங்கள். இந்தியக் கட்டட விதிப்படி வீடுகளில் படி உயரம் 19 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது, அகலம் 25க்குக் குறையக் கூடாது. அதைவிட முக்கியம், எல்லாப் படியும் ஒரே அளவாக இருப்பது. இரண்டு மூன்று படிக்குள் கால் ஒரு கணக்கைப் பிடித்துக்கொள்ளும். நடுவில் ஒன்று மாறினால் தடுக்கும். நம் ஊரில் ரோடு போடப் போட தெரு உயர்ந்து, முதல் படி பாதி புதைந்திருக்கும். விழுகிறவர்கள் பலர் அங்கேதான் விழுகிறார்கள். ஈரமான படியும், தேய்ந்த ரப்பர் செருப்பும், எரியாத பல்பும் மற்ற மூன்று எதிரிகள்.

ஆயாவுக்கு அந்த நல்ல கால், வலிக்கிற கால் விதியைச் சொன்னேன். "இத்த முன்னாடியே சொல்லக்கூடாதா" என்று திட்டினார். மூன்றாவது மாடி வராந்தாவில், வழியை மறிக்காமல், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருக்கிறோம். லிஃப்ட் நிற்கிற நாளில் ஆயா அதில் உட்கார்ந்து ஆறிவிட்டுத்தான் மேலே போகிறார். குடம் மட்டும் அவர் கையில் இருப்பதில்லை. மாடியில் இருக்கிற பசங்கள் முறை வைத்துத் தூக்குகிறோம். அன்றைக்கு என் நோட்டில் 108க்குப் பக்கத்தில் "+15 கிலோ" என்று எழுதிக்கொள்கிறேன்.